ஜப்பானில் காசு கரைவது எங்கே?

“யென் விழுந்துவிட்டதாமே அண்ணா, இப்போது ஜப்பான் மலிவுதானே?” விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதெல்லாம் நம் சங்கத்துத் தம்பி தங்கைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 2012இல் 100 யென்னுக்கு ஏறக்குறைய 4 வெள்ளி கொடுத்தோம். இன்று 3 வெள்ளிக்கும் குறைவு. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு நல்ல காலம்தான். யென்னில் சம்பாதித்து யென்னிலேயே செலவு செய்யும் மாணவனுக்கு அதனால் என்ன இலாபம்?

1982இல் ‘கிழக்கு நோக்கும் கொள்கை’ அறிவிக்கப்பட்ட பிறகு எத்தனையோ மலேசிய மாணவர்கள் அங்கே படித்துத் திரும்பிவிட்டார்கள். இருந்தும், நாம் இன்னும் தவறான செலவுகளுக்குத்தான் பயப்படுகிறோம் என்பது என் கருத்து.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பேரங்காடிக்குப் போனால் மீந்த உணவுப் பொட்டலங்களில் பாதி விலை வில்லையை ஒட்டத் தொடங்கிவிடுவார்கள். சைவர்களுக்குத்தான் சங்கடம், காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். பருப்பும் புளியும் வேண்டுமென்றால் தோக்கியோவில் இந்தியர் அதிகம் வாழும் நிஷி கசாய் இருக்கிறது. சமைக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்.

வீடுதான் ஆளை விழுங்குகிறது. மாத வாடகை 50,000 யென் என்று விளம்பரத்தில் பார்த்து மகிழ்ந்து போனேன். முன்பணம் ஒரு மாதம், ‘ரெய்கின்’ ஒரு மாதம், தரகருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை, உத்தரவாத நிறுவனத்துக்குத் தனியாக ஒரு தொகை. சாவி கைக்கு வருமுன் 2 இலட்சம் யென்னுக்கும் மேல் போய்விட்டது. ரெய்கின் என்பது வீட்டுக்காரருக்கு நாம் செலுத்தும் நன்றிப் பணம்; திரும்பி வராது. பணம் கொடுத்துக் குடியேறுகிறவன் எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதற்குமுன் வெளிநாட்டவன் என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்துவிட்டிருந்தார்கள்.

பயணத்திலும் நாம் ஏமாறுகிறோம். எல்லாரும் புகழும் ஜே.ஆர். பாஸ் சுற்றுப்பயணிகளுக்கு மட்டுமே. மாணவர் விசாவில் இருப்பவர் அதை வாங்க முடியாது. அதுவும் 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. நமக்கு இருப்பது மாணவர் கழிவு. ஒருவழித் தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் அடிப்படைக் கட்டணத்தில் 20 விழுக்காடு குறையும். அதற்கான சான்றிதழைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டு வாங்கலாம். கேட்காமல் முழுக் கட்டணம் கட்டிய மலேசிய மாணவர்களை நான் அறிவேன். முதல் ஆண்டு நானும் அவர்களில் ஒருவன்!

“பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாமே?” என்பார்கள். அனுமதி பெற்றால் வாரம் 28 மணி நேரம் செய்யலாம். 2025 அக்டோபர் முதல் தோக்கியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1,226 யென். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் வரும். ஆய்வுக்கூடத்தில் பாதி நாள் கழிக்கும் பொறியியல் மாணவனுக்கு அந்த 28 மணி நேரம் எங்கிருந்து வரும்? வேலை கிடைப்பதற்கும் மொழி வேண்டும். மொழி வர மாதங்கள் ஆகும். வீட்டுக்காரரோ முதல் வாரத்திலேயே பணம் கேட்பார்.

உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகப் புறப்படுபவர்களும் அந்த முதல் மாதத்துக்குத் தனியே பணம் கட்டி வையுங்கள். நம் சங்கம் நடத்தும் வெளிநாட்டுக் கல்வி விளக்கக் கூட்டங்களில் சக்குரா பூவும் புஜி மலையும் திரையில் வந்து போகின்றன. அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைத்தால் அந்த வீட்டு ரசீதைக் கொண்டுவந்து காட்டுகிறேன். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.