ரிசல்ட் செட்டப்பு... விழுறது நிஜம்!

சின்ன வயசுல டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு ஆடாதவங்க யாராவது இருந்தா, வீட்டுல அண்ணன்கிட்டயோ அக்காகிட்டயோ கேட்டுப் பாருங்க. ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ்னு ஒவ்வொருத்தர் ஜாதகத்தையும் ஒப்பிப்பாங்க. கணக்குப் பாடத்துல முட்டை வாங்கினவன்கூட இதுல சென்டம்! அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு எட்டாங்கிளாஸ் வரைக்கும் சத்தியமா நம்பின கூட்டம் நாங்க.

அப்புறம் ஒருநாள் யாராவது ஒரு புண்ணியவான் வந்து, 'டேய், எல்லாம் செட்டப்புடா!'னு போட்டு உடைப்பான். எனக்கு உடைச்சது என் மாமா பையன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

வருஷங்கள் ஓடி, எம்.எஸ். படிக்க பிலடெல்பியா போனேன். அங்கே என் ரூம்மேட் விருதுநகர்க்காரன். பேரே 'விருதுநகர்'னு நிலைச்சுப் போச்சு. ஒரு சனிக்கிழமை, டெலவேர் ஆத்தைத் தாண்டி நியூ ஜெர்சியில ஒரு சின்ன ஊர்ல ரெஸ்லிங் ஷோன்னு நோட்டீஸ் பார்த்தேன். டிக்கெட் 15 டாலர். 'மாப்ள, செட்டப்புக்கு 15 டாலரா? நாலு நாள் மளிகைடா!'னு புலம்பிக்கிட்டே வந்தான் விருதுநகர்.

டிவியில பார்க்கிற மாதிரி ஸ்டேடியம், பட்டாசு, ராட்சச ஸ்கிரீன் எல்லாம் கற்பனை பண்ணாதீங்க. ஊர் தீயணைப்பு நிலையத்தை ஒட்டின ஹால். அந்தப் பக்கம் பல ஊர்கள்ல தீயணைப்பு வண்டி ஓட்டுறதே சம்பளம் வாங்காத ஊர்க்காரங்கதான். வண்டி நிக்க ஒரு ஷெட், பக்கத்துல ரிசப்ஷனுக்கும் பிங்கோ ஆட்டத்துக்கும் வாடகைக்கு விட ஒரு ஹால். அன்னிக்கு அதுல மடக்கு நாற்காலி போட்டு, நடுவுல ரிங். மொத்தக் கூட்டமே இருநூறு பேர் இருந்தா அதிகம். வாசல்ல எங்க டிக்கெட்டைக் கிழிச்ச பையன், ரெண்டாவது மேட்ச்ல டவுசர் மாட்டிக்கிட்டு ரிங்குல நின்னான்!

முன்வரிசையில உட்கார்ந்தா ரிங்கோட எலும்புக்கூடே தெரியும். இரும்புச் சட்டம், அதுக்கு மேல பலகை, அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃபோம், எல்லாத்தையும் மூடி கித்தான். அவ்வளவுதான். மெத்தைன்னு நினைச்சா ஏமாந்தீங்க. சுத்தியிருக்கிற கயிறும் பல சின்னக் கம்பெனிகள்ல கயிறே இல்லை. ரப்பர் குழாய்க்குள்ள இரும்பு வடம்! அதுல முதுகை மோதி மோதி, பசங்க உடம்புல கோடு கோடா சிவந்திருக்கும்.

முதல் மேட்ச் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் விருதுநகர் கேட்டான். 'யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே பேசி வச்சுட்டாங்கன்னா, இதுல என்னடா இருக்கு?'

'அது பெரிய ரகசியமா? இதே நியூ ஜெர்சியில 1989-லயே அவங்களே ஒத்துக்கிட்டாங்க'ன்னு சொன்னேன். விளையாட்டுன்னு சொன்னா அரசாங்க கமிஷன் கட்டுப்பாடு, வரி எல்லாம் உண்டு. அதுல இருந்து கழண்டுக்கறதுக்காக, 'இது போட்டி இல்லைங்க, பொழுதுபோக்கு'ன்னு டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பே மாநில செனட்டுல சொல்லிடுச்சு. அதுவரைக்கும் கட்டிக் காத்த அந்த ரகசியத்துக்கு அவங்க பாஷையில 'கேஃபேப்'னு பேரு.

எனக்கு ஊர் செய்யாறு பக்கம். அக்னி வசந்த விழாவுல பதினெட்டாம் நாள் படுகளம் பார்த்திருக்கீங்களா? மண்ணால பெரிசா துரியோதனனைப் படுக்க வச்சிருப்பாங்க. கூத்துக் கட்டின பீமனும் துரியோதனனும் வெயில்ல சுத்திச் சுத்தி ஓடுவாங்க. துரியோதனன் சாகப் போறான்னு தெரியாதவங்க ஊர்ல ஒருத்தரும் இல்லை. ஆனாலும் எங்க ஆயா வருஷா வருஷம் அழும். 'எல்லாம் செட்டப்பு ஆயா'ன்னு யாராவது போய்ச் சொன்னா முறத்தாலயே அடி விழும்.

அந்த ஹால்லயும் ஒரு ஆயா இருந்தாங்க. வெள்ளைக்கார ஆயா. எங்க பக்கத்து சீட். கடைசி மேட்சுக்கு வந்த வில்லன் (அவங்க பாஷையில 'ஹீல்') மைக்கை வாங்கி அந்த ஊரையே கேவலமாப் பேச, ஆயா கைத்தடியை ஆட்டிக்கிட்டு எழுந்துட்டாங்க. அவன் ஆயாவையும் விட்டு வைக்கலை. ஹாலே கொந்தளிச்சுது. 15 டாலருக்கு அழுத விருதுநகர், நாற்காலி மேல ஏறி நின்னு சுத்தத் தமிழ்ல திட்டிட்டிருந்தான்!

பிலடெல்பியா ஏரியா ரசிகர்கள் லேசுப்பட்டவங்க இல்லை. நகரத்தோட தென்கோடியில நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில இருந்த ஒரு பிங்கோ ஹால்லதான் 1990-கள்ல ஈ.சி.டபிள்யூ. கம்பெனி கொடி கட்டிப் பறந்துச்சு. 1994-ல ஒரு மேட்ச்ல ரிங்குல இருந்து ஒரே ஒரு நாற்காலி கேட்டாங்க. நாலாபக்கமிருந்தும் ரசிகர்கள் வீச, ரிங்குல இருந்த வீரர்கள் மேல நாற்காலி மலையே குவிஞ்சிடுச்சு! 2001-ல அந்தக் கம்பெனி திவாலாச்சு. அடுத்த வருஷமே, 2002 பிப்ரவரியில, அதே ஊர்ல ஒரு பொழுதுபோக்கு மையத்துல 'ரிங் ஆஃப் ஹானர்' ஆரம்பிச்சுது. முதல் ஷோவோட கடைசி மேட்ச்ல ஆடின மூணு பேர்ல ஒருத்தர் பிரையன் டேனியல்சன். 2014-ல ரெஸில்மேனியாவோட கடைசி மேட்சை ஜெயிச்சு பெல்ட்டைத் தூக்கின அதே டேனியல் பிரையன்தான். சின்ன ஹால்ல கத்தற ரசிகனோட கனவே இதுதாங்க. 'இவனை நான் அப்பவே பார்த்தேன்!'

சரி, கடைசி மேட்சுக்கு வருவோம். ஹீரோவுக்கு நம்ம வயசுதான் இருக்கும். வில்லனை ரிங்குக்கு வெளியே தள்ளி, கயிறு மேல பறந்து அவன் மேல விழுந்தான். ஹால் ரெண்டாயிடுச்சு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கீழே நிக்கிற வில்லனோட வேலை அடி வாங்கறது மாதிரி நடிக்கறது மட்டும் இல்லை. பறந்து வர்றவனைப் பத்திரமாப் பிடிக்கணும். எதிரிதான் பாதுகாப்பு!

'ஒன் மோர் டைம்! ஒன் மோர் டைம்!'னு கத்தினோம். அவன் காதுல கை வச்சு, 'கேட்கலையே'ன்னு ஜாடை காட்டினான். இன்னும் கத்தினோம். முன்வரிசையில பெரிய தொண்டை யாருதுன்னு நினைக்கறீங்க? அடியேனோடதுதான்.

மூலைக் கம்பத்து மேல ஏறினான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்னு பின்பக்கமா பல்டி அடிக்கப் போனான். கால் வழுக்கிடுச்சு. வில்லன் ரெண்டு எட்டு முன்னாடி பாய்ஞ்சான். கைக்குச் சிக்கினது ஒரு கால் மட்டும்தான். கழுத்தும் தோளுமா தரையில விழுந்தான். அந்தச் சத்தமே வேற மாதிரி இருந்துச்சு.

ரெஃப்ரி ஓடி வந்து குனிஞ்சு ஏதோ கேட்டார். நிமிர்ந்து, தலைக்கு மேல ரெண்டு கையையும் குறுக்கே வச்சு 'எக்ஸ்' காட்டினார். 'அடி நிஜம், ஆளைக் கூப்பிடு'ன்னு அர்த்தம். 'இதுவும் செட்டப்பாடா?'னு விருதுநகர் என் காதுல கேட்டான். கதைக்காக அதையும் சில சமயம் பொய்யாக் காட்டறது உண்டு. அதனால என்கிட்ட பதில் இல்லை.

பதிலைக் காட்டினது வில்லன். ராத்திரி பூரா எங்களைத் திட்டினவன் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்து, அவன் தலை அசையாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். 'விரலை அசை... ஒண்ணு... ரெண்டு...'ன்னு எண்ண ஆரம்பிச்சான். பத்து விரலும் அசைஞ்சப்ப, அவன் முகத்துல இருந்த மேக்கப் கலைஞ்சு வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஆம்புலன்ஸ் பக்கத்து ஷெட்லயே நின்னது எங்க புண்ணியம்.

அந்தப் பக்கத்து ரசிகர்கள் ரொம்ப பயங்கரமான மேட்ச்ல 'ப்ளீஸ் டோன்ட் டை!'னு கைதட்டித் தாளம் போட்டுக் கத்தறது உண்டு. கேலியும் அக்கறையும் பாதிப் பாதி. வீடியோவுல பார்த்து நானே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். அன்னிக்கு ஒருத்தரும் அதைக் கத்தலை.

எனக்கு உறைச்சது இதுதான். ஜெயிக்கிறது யாருன்னு பேசி வைக்கலாம். பூமி இழுக்கிறதைப் பேசி வைக்க முடியாது. தாடையை நெஞ்சோட ஒட்டி, முதுகு முழுசும் ஒரே நேரத்துல படற மாதிரி விழறதுக்கே மாசக்கணக்குல பயிற்சி எடுக்கறாங்க. அப்படியும் தப்பும். ஜப்பான்ல மிட்சுஹாரு மிசாவான்னு ஒரு ஜாம்பவான். 2009 ஜூன் 13, ஹிரோஷிமாவுல, ஆயிரம் தடவை வாங்கியிருக்கக்கூடிய ஒரு வீச்சை வாங்கி விழுந்தவர் எழுந்திரிக்கலை. வயசு 46. நம்ம டேனியல்சனும் தலையில திரும்பத் திரும்ப அடிபட்டு 2016-ல ஓய்வு அறிவிச்சார். டாக்டர்கள் சம்மதிச்சு மறுபடி ரிங்கேற 2018 ஆச்சு.

இதெல்லாம் கோடியில புரள்ற இடத்துல. இந்த மாதிரி ஹால்ல சம்பளம்? 'ஒரு ஹாட் டாக், ஒரு கைகுலுக்கல்'னு அவங்களுக்குள்ளேயே ஜோக்கடிப்பாங்க. உண்மையான வரும்படி ஷோ முடிஞ்சதும் மேஜை போட்டு விக்கிற டி-ஷர்ட்லயும் போட்டோவுலயும்தான்.

அன்னிக்கு அந்த மேஜையில ஹீரோவோட டி-ஷர்ட்டை வித்துக்கிட்டிருந்தது யாரு தெரியுமா? வில்லன்! தன்னோட டி-ஷர்ட் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஆயா கைத்தடியை ஊன்றிப் போய் ரெண்டு வாங்கினாங்க. விருதுநகரும் ஒண்ணு வாங்கினான். அவன் சைஸ் மீடியம், கிடைச்சது டபுள் எக்ஸ்.எல்., 20 டாலர். மளிகைக் கணக்கு பேசவே இல்லை.

அடுத்த மாசமும் போனோம். வாசல்ல டிக்கெட் கிழிச்சது அதே ஹீரோ, கழுத்துப் பட்டையோட. விருதுநகர் நைட்டி மாதிரி தொங்கின அந்த டி-ஷர்ட்டோட நிக்கிறதைப் பார்த்து, சிரிக்கவும் முடியாம கழுத்தைப் பிடிச்சுக்கிட்டான் பாவம்.

உள்ளே வேற ஒரு பையன் பறந்தான். 'ஒன் மோர் டைம்!' கிளம்புச்சு. ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. அவன் பத்திரமா இறங்கி நிக்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் உள்ளங்கை எரியற வரைக்கும் தட்டினோம்.

உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்லயும் வாசல்ல பைக்கைத் தூக்கி வீலிங் காட்டறவன் ஒருத்தன் இருப்பான். 'இன்னொரு தடவை மச்சி!'னு கத்தறதுக்கு முன்னாடி, கீழே பிடிக்க யார் நிக்கிறாங்கன்னு ஒரு தடவை பார்த்துக்கங்க. யாரும் இல்லைன்னா, முதல் தடவைக்கே நல்லா கைதட்டிடுங்க. போதும்.