பெரம்பலூருக்குக் கணக்குச் சொல்லுங்கள்

பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 3,000 ஏக்கர் நிலம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக முடங்கிக் கிடக்கிறது. அது விளையாத மண் அல்ல. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிப் பூமி. சிறப்புப் பொருளாதார மண்டலம் வருகிறது, ஊருக்கே வேலை கிடைக்கப் போகிறது என்று சொல்லி விவசாயிகளிடமிருந்து அந்த நிலம் வாங்கப்பட்டது. மண்டலம் வரவில்லை. நிலமும் திரும்பி வரவில்லை. இடையில் ஆட்சிகள் மாறின, தொழில் துறை அமைச்சர்கள் மாறினார்கள். நிலம் இருக்கும் எறையூர், திருமாந்துறை வட்டாரத்து மக்களுக்கு இன்றுவரை ஒருவரும் முறையாகப் பதில் சொல்லவில்லை. இந்த மௌனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நடந்தது என்ன என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2005-ல் மத்திய அரசு சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நாடெங்கும் மண்டலங்கள் அறிவிக்கப்பட்டன. பெரம்பலூரில் ஜிவிகே குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் கைகோத்தன. எல்லா வகைத் தொழில்களும் அமையும் பெரிய மண்டலம் என்பதுதான் திட்டம். அந்த வகை மண்டலத்துக்குக் குறைந்தது 1,000 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 2,500 ஏக்கர் வேண்டும் என்று 2006-ம் ஆண்டு விதிகள் கூறின. எத்தனை ஆலை வரும், அவற்றுக்கு எவ்வளவு இடம் போதும் என்று பார்த்து நிலம் வாங்கியதாக நமக்குத் தெரியவில்லை. விதிப்படி எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவும் வளைக்கப்பட்டது என்றே கருத வேண்டியிருக்கிறது.

பிறகு அந்த விதியே மாறியது. 2013-ல் குறைந்தபட்ச அளவு 500 ஹெக்டேராகச் சுருங்கியது. 2019-ல் 50 ஹெக்டேர் போதும் என்றாகிவிட்டது. 50 ஹெக்டேர் என்பது 125 ஏக்கருக்குள் அடங்கிவிடும். 3,000 ஏக்கர் தேவை என்று சொல்லப்பட்டதற்கான காரணமே அன்றோடு ஒழிந்தது. மிஞ்சிய நிலம் யாருக்குப் போக வேண்டும் என்ற கேள்வியை அப்போதே டிட்கோ எழுப்பியிருக்க வேண்டாமா? கூட்டாளியாக இருந்தது அரசு நிறுவனம். அரசின் பெயர் இருந்ததால்தானே ஊர் மக்கள் நம்பினார்கள்? தனியார் நிறுவனம் ஒன்று தனியாக வந்து கேட்டிருந்தால், பாட்டன் காலத்து நிலத்தை இத்தனை பேர் அவ்வளவு எளிதில் எழுதிக் கொடுத்திருப்பார்களா?

வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று சொல்லித்தான் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பலமுறை போராடியும் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்காவது கையில் கொஞ்சம் பணம் வந்தது, குறைவோ நிறைவோ. ஆனால் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள் பட்டாதாரர்கள் மட்டுமா? களை எடுத்தவர்கள், பருத்தி எடுத்தவர்கள், கதிர் ஒடித்தவர்கள், அறுவடை முடிந்த காட்டில் ஆடு ஓட்டியவர்கள் எத்தனை குடும்பம்? பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை. நிலம் கைமாறிய அன்று ஒரு ரூபாய் இழப்பீடும் வாங்காமல் வேலை இழந்தவர்கள் அவர்கள். வேலை கொடுக்கும் திட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு இருந்த வேலையை அழித்திருக்கிறார்கள். இதை வளர்ச்சிக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

இது பெரம்பலூரோடு முடிகிற அவலம் அல்ல. மத்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் 2014-ல் அளித்த அறிக்கை, நாடு முழுவதும் மண்டலங்களுக்கென அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில்தான் பணிகள் தொடங்கியிருந்தன என்று கூறியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சும்மா கிடந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகாவது நம் மாநில அரசு தன் பங்குக்கு ஒரு கணக்கெடுப்பு நடத்தி, பெரம்பலூருக்கு ஒரு முடிவு கண்டிருக்க வேண்டும். அந்தக் கடமையில் தவறியது பெருங்குற்றம்.

அரசு சொல்லப்போகும் சமாதானம் நமக்குத் தெரியும். நிலத்தை அரசு கையகப்படுத்தவில்லை, நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது, ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லும் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் இதற்குப் பொருந்தாது என்பார்கள். இருக்கட்டும். தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே? ஐந்து பேர் வரை உள்ள ஒரு விவசாயக் குடும்பம் 15 தர ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று கண்டிப்புக் காட்டும் சட்டம் அது. தொழிலுக்கென அந்த வரம்பைத் தாண்டி நிலம் வைத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு அரசின் அனுமதி வேண்டும். பெரம்பலூர் நிலத்துக்கு அந்த அனுமதி தரப்பட்டதா? எந்த நிபந்தனையின் பேரில்? தொழிலே தொடங்காதபோது அந்த அனுமதி எப்படி நீடிக்கிறது? அரசிடம் பிடி இல்லை என்பதை ஏற்க முடியாது. பிடி இருக்கிறது, பிடிக்க மனம் இல்லை.

மனம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு சத்தீஸ்கரைப் பாருங்கள். பஸ்தரின் லோகண்டிகுடா பகுதியில் டாடா உருக்காலைக்காக 2008-ல் எடுக்கப்பட்டு, ஆலை வராமலே கிடந்த நிலத்தை, 2018 டிசம்பரில் மாநில அமைச்சரவை முடிவெடுத்து அடுத்த ஆண்டே பத்துக் கிராம மக்களிடம் ஒப்படைத்தது. அங்கே நிலத்தை எடுத்தது அரசு, இங்கே வாங்கியது நிறுவனம் என்ற வேறுபாடு உண்டு. சட்ட வழி வேறாக இருக்கலாம். அமைச்சரவை உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருவதை எந்தச் சட்டம் தடுக்கிறது?

எறையூரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2022 நவம்பரில் அங்கே சிப்காட் தொழிற்பூங்காவில் காலணிப் பூங்காவுக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். சரியாக ஓராண்டில் முதல் ஆலை திறக்கப்பட்டது. பெண்கள் ஏராளமாக வேலைக்குப் போகிறார்கள். ரயில் நிலையம்கூட இல்லாத, ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு நகரத்தின் அருகே இப்படியொரு ஆலை வந்தது நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். அந்தப் பூங்கா அமைந்தது 250 ஏக்கருக்கும் குறைவான இடத்தில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பன்னிரண்டு மடங்கு நிலம் பக்கத்தில் கருவேலம் மண்டிக் கிடக்க, இவ்வளவு சிறிய இடத்தில் வேலை உருவாக்க முடிந்திருக்கிறது.

ஆனால் இங்கேயும் நமக்கு ஒரு கண்டனம் உண்டு. அந்தப் பூங்காவுக்கு மொத்தம் 2,440 கோடி ரூபாய் முதலீடு, 29,500 பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது. அதில் இன்றைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை? வேப்பந்தட்டை, குன்னம் வட்டங்களிலிருந்து எத்தனை பேர்? ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் மேடையில் சொல்கிற எண்ணை, அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அரசு சரிபார்த்துச் சொல்வதில்லை. இது சிரமமான வேலையே அல்ல. ஒவ்வோர் ஆலையும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையை ஆள்வாரியாக மாதந்தோறும் கட்டுகிறது. அந்தப் பதிவேட்டைப் பார்த்தால் ஒரே நாளில் விடை கிடைக்கும். முன்பு ஒருமுறை வாக்குறுதியை நம்பி நிலத்தை இழந்த வட்டாரம் இது. இந்த மக்களிடம் சரிபார்க்காத எண்களைத் திரும்பவும் நீட்டுவது கொடுமை.

வேலை என்றால் பெரிய ஆலை மட்டும்தானா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சின்ன வெங்காயத்தில் மாநிலத்துக்கே முன்னோடி பெரம்பலூர். ஆலத்தூர், செட்டிகுளம் பக்கத்து விவசாயி பட்டறை போட்டு வெங்காயத்தைக் காத்து, விலைக்காகத் தவம் கிடக்கிறார். உரித்து, உலர்த்தி, பொடியாக்கி, பொட்டலம் கட்டி அனுப்பும் சிறு கூடங்கள் ஊருக்கு ஊர் வந்திருந்தால் எத்தனை கைகளுக்கு வேலை? அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பியின் மகன் உளியைக் கையில் எடுக்கும்படி என்ன செய்தோம்? லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் பிள்ளைகள் வளைகுடா போவதை ஊர் வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுவது சரியல்ல. உள்ளூரில் பிழைப்பு இல்லாததால்தான் போகிறார்கள்.

தமிழக அரசிடம் நாம் கேட்பது இது. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே பெரம்பலூர் மண்டலம் பற்றி வெள்ளை அறிக்கை வைக்க வேண்டும். சர்வே எண் வாரியாக நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது, அதன்மீது அடமானம் உண்டா, டிட்கோ போட்ட ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் என்ன, அவை மீறப்பட்டதற்கு என்ன நடவடிக்கை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஓராண்டுக்குள் தொழில் தொடங்காவிட்டால் உச்சவரம்பு அனுமதியை மறுபரிசீலனை செய்வோம் என்று நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மீட்கப்படும் நிலத்தில் முதல் உரிமை விற்றவர்களுக்கும் அங்கே கூலி வேலை செய்தவர்களுக்கும்தான். காலணிப் பூங்காவின் வேலைக் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை மாவட்ட ஆட்சியர் வெளியிட வேண்டும். இந்த ஆவணங்கள் கோட்டையில் தங்கிவிடக் கூடாது. எறையூரிலும் திருமாந்துறையிலும் கிராம சபையைக் கூட்டி, நிலம் கொடுத்தவர்கள் முன்னிலையில் வரி வரியாக வாசிக்கப்பட வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு டிட்கோ அதிகாரிகள் அங்கேயே பதில் சொல்ல வேண்டும்.