மான் திருடுதா, நாம கூப்பிடுறோமா?



போன மாதம் எங்க வகுப்பில் ஒரு சண்டை. "மானை எல்லாம் சுட்டுத் தள்ளணும்" என்றான் ஒருத்தன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவங்க கடலைக்காடு அரை ஏக்கர் ஒரே ராத்திரியில் போச்சு. எங்க ராகிக்காட்டிலும் புள்ளிமான் கூட்டம் புகுந்தது. ஆனாலும் நான் மான் கட்சிதான். ஏன் என்று கேளுங்கள்.

விடிந்ததும் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். வனத்தை ஒட்டின மேற்கு ஓரத்தில் அங்கங்கே நுனியை மட்டும் கடித்திருந்தது. நடுவில் ஒரு பத்து சென்ட் மட்டும் மொட்டை! அது சித்திரையில் ஆட்டுப்பட்டி போட்ட இடம். அதே விதை, அதே மழை. ஓரத்துப் பயிரைத் தாண்டி உள்ளே வந்து அதைத் தேடித் தின்றிருக்கிறது.

ஆட்டுப் புழுக்கையிலும் மூத்திரத்திலும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, உப்பு எல்லாம் உண்டு. தழைச்சத்து கூடினால் இலையில் புரதம் கூடும். மான், மாட்டைப் போல அசைபோடும் விலங்கு. நாரைச் செரிக்க வைப்பது அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் தழைச்சத்து வேண்டும். ஆண் மானுக்குக் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். அதற்குச் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும் தேவை. உதிர்ந்த கொம்பையும் எலும்பையும் மான் கடிப்பது இந்தச் சத்துக்காகத்தான். கடலைச் செடியோ, வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா மூலம் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நண்பன் காட்டை மான் விடுமா?

அமெரிக்காவில் மான் வரட்டும் என்றே விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். (பலர் வேட்டைக்காரர்கள் என்பது வேறு விஷயம்!) அவர்கள் முதலில் மண் பரிசோதனை செய்வார்கள். மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு போடுவார்கள். அப்புறம்தான் குளோவர், சோயா எல்லாம். அவர்கள் தெரிந்து செய்வதை நாம் தெரியாமல் செய்கிறோம். வரப்புக்கு இந்தப் பக்கம் எரு போட்ட பயிர். அந்தப் பக்கம் வனத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. மான் பெரும்பாலும் அதில் வாய் வைக்காது, அதன் அடியில் புல்லும் சரியாக வராது. நீங்களே மானாக இருந்தால் எங்கே போவீர்கள்?

பெரியப்பா வேலியில் கரண்ட் கொடுக்கணும்னு சொல்றாரு. அது சட்டப்படி குற்றம். இன்றைக்கு மான் சாகும், நாளைக்கு யானை சாகும், நாளன்றைக்கு ராத்திரி தண்ணி பாய்ச்சப் போற நம்ம ஆளே சாகலாம். பழைய சேலையைக் கட்டிப் பார்த்தோம். நாலு நாள் பயந்தது, அஞ்சாம் நாள் சேலைக்கு அடியில் நுழைந்து வந்துவிட்டது.

என் யோசனை இதுதான். பட்டியை வனத்துப் பக்கம் போடாமல் வீட்டை ஒட்டின காட்டில் போடுவோம். நாய் இருக்கும், ஆள் இருக்கும். வன ஓரத்தில் கடலை, பயறு வேண்டாம், ஆடு மாடு ஒதுக்குகிற ஆமணக்கு போடுவோம். வனத்துறை உண்ணிச்செடியை வெட்டிப் புல் வளர்க்கட்டும். பயிர் போனவங்களுக்கு இழப்பீடும் அலையவிடாமல் கிடைக்கணும். அது இல்லாமல் "மான் பாவம்" என்று நான் சொன்னால், கடலை இழந்த வீட்டில் யார் கேட்பாங்க?

அப்பா அடுத்த போகத்துக்கு ஆமணக்கு விதை வாங்கி வைத்துவிட்டார். பெரியப்பா இன்னும் கம்பியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

— 11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு