"சேர்வர் டவுண்" என்றால் நாம் என்ன கேட்பது?



"சேர்வர் டவுண், நாளைக்கு வாங்க." இதைக் கேட்டுத் திரும்பிப் போகப் பழகிவிட்டோம்.

அடிக்கடி விழும் சேர்வரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் அன்றைய பொழுது போகும், நோய் போகாது. ஹார்ட் டிஸ்க் நிரம்பியதா, மெமரி போதவில்லையா, மென்பொருள் பழசா என்று லொக் பதிவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதில் கைவைக்க முன்னர் பெக்கப் இருக்க வேண்டும்.

2023 ஓகஸ்ட் 26 அன்று அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சிஸ்டம் திரும்பி வந்தது. மே 17 முதல் அன்று வரையான மின்னஞ்சல்கள் வரவில்லை. அந்தக் காலத்துக்குப் பெக்கப்பே இல்லை. ஓடிக்கொண்டிருந்ததோ மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அவ்வருடம் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. புதுப்பிக்க நிதியில்லை என்றார்கள்.

1990 ஒக்டோபரில் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்ட சமூகம் நாம். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் தொலைத்துவிட்டு அலைந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஒரு பிரதியின் பெறுமதி நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே "எப்ப சரிவரும்?" என்பதோடு நிற்காமல், "பெக்கப் கடைசியாக எப்ப எடுத்தீங்க? திறந்து பார்த்தீங்களா?" என்றும் கேட்போம். நம் பாடசாலைகளின் மாணவர் பதிவுகளையும் மாதம் ஒருமுறை பிரதியெடுத்து வேறொரு கட்டடத்தில் வைப்போம். அதற்கு நிதி ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.