சித்தப்பாவின் பன்னிரண்டு சதுர அடி

எங்கள் ஃபிளாட்ஸில் 24 வீடுகள். 24 பேரும் ஒரே கருத்தோடு இருந்தது ஒரே ஒரு நாள்தான். தண்ணி லாரி வராத நாள். அப்பேர்ப்பட்ட சபையில் எழுந்து நின்று, "விசிட்டர் கார் நிறுத்தற இடத்துல ஒண்ணைத் தோட்டம் போடக் குடுங்க ஸார்" என்றேன். செக்ரெட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோட்டமா? அதான் மொட்டை மாடி சும்மாக் கிடக்கே!"

கிடக்கிறதுதான். ஆனால் லிஃப்ட் மூன்றாவது மாடியோடு, 'என்னால இவ்வளவுதாம்பா முடியும்' என்று நின்றுவிடும். அதற்கு மேல் பதினெட்டுப் படி.

என் சித்தப்பா கும்பகோணம் பக்கம் நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட, வீல் சேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் மாதம் டி.வி. பார்த்தார். இரண்டாவது மாதம் டி.வி.யை அணைத்துவிட்டு, அது மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. மொட்டை மாடியில் பத்துப் பை வாங்கி வைத்து, மண் ரொப்பி, கத்தரி நட்டேன். தினம் காலையில் நான் மேலே, அவர் கீழே. வீடியோ காலில் விவசாயம்! "இன்னும் கிட்டக்கக் காட்டு... இலைக்கு அடியில காட்டு..." என்பார். பத்தாவது நாள் போனை வைத்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்குப் பேரு விவசாயம் இல்லடா. சினிமா."

அன்று ராத்திரி தூக்கம் வராமல் எதையெதையோ படித்துக்கொண்டிருந்தபோதுதான் இங்கிலாந்து சமாசாரம் கண்ணில் பட்டது. அங்கே வீட்டில் தோட்டம் இல்லாதவர்களுக்கு ஊர் நிர்வாகமே வாடகைக்குத் துண்டு நிலம் கொடுக்கிறது. 1908-ல் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஊரில் ஆறே ஆறு பேர் சேர்ந்து மனுக் கொடுத்தால் போதும், நிர்வாகம் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். வழக்கமான அளவு பத்துக் கோல். நம் கணக்கில் 2,722 சதுர அடி. அதாவது ஒரு கிரவுண்டைவிடக் கொஞ்சம் கூட! ஏதோ பிரபு வம்சத்துக்குத்தான் என்று நினைக்காதீர்கள். ஆபீஸ் குமாஸ்தா, பஸ் டிரைவர், ரிட்டயரான வாத்தியார் எல்லாரும் அக்கம்பக்கத்தில் உருளைக்கிழங்கு போடுகிறார்கள்.

இப்போது அங்கே பல இடங்களில் வீல் சேர்காரர்களுக்கும், குனிய முடியாதவர்களுக்கும், பார்வை குறைந்தவர்களுக்கும் ஏற்றபடி பாத்திகளை உயர்த்திக் கட்டுகிறார்கள். தோட்ட வேலையையே வைத்தியம் போலச் சொல்லித்தரும் 'த்ரைவ்' என்ற தர்ம ஸ்தாபனம் 1970-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. லண்டன் பாட்டர்ஸீ பூங்காவிலும் அவர்களுக்குத் தோட்டம் உண்டு.

பி.காம். படித்த பாவத்துக்கு அசோசியேஷன் கணக்கு என் தலையில்தான். வெள்ளைக்காரன் பாணியில் நானும் ஆறு கையெழுத்து வாங்கினேன். (ஐந்தாவது கையெழுத்துக்கு ஒரு மெயின்டனன்ஸ் பாக்கியை ஒரு வாரம் ஞாபகப்படுத்தாமல் இருக்க வேண்டியிருந்தது. ஆடிட்டர்கள் மன்னிக்க.) ஆறு மாதத்துக்கு மட்டும் என்று அனுமதி கிடைத்தது.

கட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இதில் நல்ல மனசைவிட அங்குலம் முக்கியம். பாத்தி இரண்டடி உயரம் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடி கை மண்ணைத் தொடும். சுவர் ஓரமாக இருப்பதால் ஒரு பக்கம்தான் கை நீட்ட முடியும், ஆகவே அகலம் இரண்டடிக்கு மேல் கூடாது. நாற்காலி திரும்ப ஐந்தடி வேண்டும். தரை சிமென்ட்டாக இருந்தது அதிர்ஷ்டம். மணலில் வீல் சேரைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறடிக்கு இரண்டடி பாத்திக்கு, நாலு அங்குல ஹாலோ பிளாக் மூன்று வரிசை, மொத்தம் 36 கல். அடியில் செங்கல் உடைசல், மேலே செம்மண், மக்கின சாணம், தேங்காய் நார்க் கழிவு.

"வெண்டை போடலாமா சித்தப்பா?"

"ரெண்டடிப் பாத்தியில நாலடிச் செடி. ஏணி வச்சு நீ பறிப்பியா, நான் பறிக்கணுமா?"

கத்தரி, மிளகாய், சிறுகீரை என்று முடிவாயிற்று. களைக்கொட்டின் காம்பில் சைக்கிள் ட்யூப் சுற்றினோம், இடது கைக்கு வழுக்காமல் பிடிக்க. குழாய்க்காரர் விட்டுப்போன பி.வி.சி. துண்டு ஒன்று கிடைத்தது. ஒரு முனையை மண்ணில் ஊன்றி, மறு முனையில் விதை போட்டால் குனியாமலே நினைத்த இடத்தில் விழும். பக்கத்துப் பாத்தியைத் தரைத் தள டீச்சரம்மா எடுத்துக்கொண்டார். அவருக்குக் கண் பார்வை ரொம்ப மங்கல். பாத்தி நெடுக ஒரு கயிறு கட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சைத் தடவி முடிச்சுக்கு ஒரு கத்தரி. எங்கள் ஃபிளாட்ஸில் கொத்தனார் போட்ட எந்தச் சுவரும் அவ்வளவு நேர் கிடையாது.

சித்தப்பா மாதம் ஐம்பது ரூபாய் வாடகை கொடுப்பேன் என்று அடம்பிடித்தார். "வீட்டு மனுஷன், வாடகையா?" என்றதற்கு, "ரசீது போடுடா" என்றார். போட்டேன்.

தப்பு செய்தது நான்தான். ஒரு சனிக்கிழமை அவர் பிஸியோதெரபிக்குப் போயிருந்த நேரம், பாவம், ஒரு கையால் எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று நானே உட்கார்ந்து சுத்தமாகக் களை எடுத்து வைத்தேன். மத்தியானம் வந்தவர் பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரு கை வச்சது?"

பெருமையாகத்தான் சொன்னேன். நான் பிடுங்கிப் போட்டது எட்டு நாள் சிறுகீரை என்பதும், பத்திரமாக விட்டுவைத்தது கோரைப்புல் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் அவர் கோபம் அதுவல்ல.

"குளிப்பாட்டறே, சரி. சட்டை போட்டு விடறே, சரி. இந்தப் பன்னண்டு அடிக்கு வாடகை குடுக்கறேன்டா. புல்லு முளைச்சாலும் அது என் புல்லு."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை மறுபடி விதைத்தார். இடது கை, ஒரு பி.வி.சி. குழாய், நாற்பது நிமிஷம். விதை சிந்தும்போதெல்லாம் என் கை தன்னால் எழுந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸுக்கு லேட்.

இருபத்து நாலாம் நாள் முதல் கீரை. செக்ரெட்டரி காலை வாக்கிங்கை அங்கேயே சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, "கட்டு என்ன விலை ஸார்?" என்றார்.

"பதினஞ்சு ரூபா. அசோசியேஷன்காரங்களுக்கு இருபது."

சிரித்துக்கொண்டே நானும் கை நீட்டினேன்.

"உனக்கு முப்பது" என்றார் சித்தப்பா. "பிடுங்கினதுக்கும் சேர்த்து."