பக்டரிப் பக்கம்: கீறல் இல்லாத கார் சீற்

இம்முறை காசு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் எழுதுகிறேன். காசைப் பற்றியது என்று தொடங்கினாலும், போய் முடிவது பிள்ளையிடத்தில்தான்.

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ஸ்காபரோவில் மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தோம். முன்னால் நானும் மனைவியும், பின்னால் கார் சீற்றில் மூன்று வயது மகன். றோட்டெல்லாம் பனிச்சேறு. பின்னால் வந்த கார் பிறேக் பிடித்தும் நிற்காமல் வழுக்கிவந்து எங்கள் காரில் முட்டியது. பெரிய முட்டு இல்லை. பம்பர் வெடித்திருந்தது, அவ்வளவுதான். டிக்கி திறந்து மூடியது. மகன் அழக்கூட இல்லை, "அப்பா, இன்னொருக்கா" என்றான். எதிர்ப்பக்கத்துக்காரரும் நல்ல மனுசன். பேர், விலாசம், லைசென்ஸ், இன்சூரன்ஸ் விபரமெல்லாம் எழுதித் தந்தார். காரை நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று பின்னேரம் வந்த சிநேகிதர் ஒருவர்தான் கேட்டார்: "கார் சீற்றை மாத்தப் போறியோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன அண்ணை, அதிலை ஒரு கீறல்கூட இல்லை. 280 டொலர் குடுத்து வாங்கினது. ஒரு வருசம்கூட ஆகேல்லை."

280 டொலர் என்றால் எனக்கு இரண்டு நாள் சம்பளம். எங்கள் சனத்துக்குப் பொருளைத் தூக்கி எறிகிற பழக்கம் கிடையாது. ஒரு பையோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். கைப்பிடி உடைந்த வாளியையும் கயிறு கட்டிப் பாவிப்போம். பார்வைக்குப் புதிதாக இருக்கிற சாமானை எறி என்றால் மனம் வருமா?

ஆனால் படுத்தபிறகு நித்திரை வரவில்லை. நான் வேலை செய்வது பிளாஸ்ரிக் சாமான் வார்க்கிற பக்டரியில். அங்கே ஒரு சட்டம் உண்டு. கீழே விழுந்த துண்டு பெட்டிக்குள் போகக்கூடாது, நேரே சிவப்புத் தொட்டிக்குள்தான் போகவேண்டும். சேர்ந்த புதிதில், "சேர், இதிலை ஒண்டுமில்லையே" என்று சுப்பவைசரிடம் காட்டினேன். அவர் அந்தத் துண்டை வாங்கி இரண்டு கையாலும் மெல்ல வளைத்தார். பளபளவென்று இருந்த இடத்தில் மயிர் அளவில் ஒரு வெள்ளைக்கோடு எழும்பியது. "கண்ணுக்குத் தெரியாதது இல்லையெண்டு அர்த்தமில்லை" என்றார். கரண்டிப் பிடிக்கும் பூச்சாடிக்கும் அந்தச் சட்டம் என்றால், என் பிள்ளை இருக்கிற சாமானுக்கு?

காலையில் சீற்றைக் கழற்றி மேசையில் வைத்தேன். வெளித்துணிக்கு உள்ளே பிளாஸ்ரிக் ஓடு, அதற்குள் ரிஜிபோம் மாதிரி வெள்ளை நுரை, பிள்ளையைப் பிடிக்கிற பட்டி, காரோடு பிணைக்கிற பட்டி. விபத்து நேரம் இவை எல்லாம் சேர்ந்துதான் அடியை வாங்குகின்றன. நுரை நசுங்கும், பட்டி இழுபடும், ஓடு வளையும். ஒருமுறை நசுங்கிய நுரை அடுத்தமுறை அதே அளவு அடியைத் தாங்காது. சீற்றில் பிள்ளை இல்லாத நேரம் முட்டுப்பட்டாலும், சீற்றின் பாரம் அதைக் கட்டியிருக்கிற பட்டியை இழுக்கத்தான் செய்யும்.

பிறகு சீற்றோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். வாங்கியபோது பிரித்தும் பார்க்காத புத்தகம். மகள் வாசித்துச் சொன்னாள். எந்த விபத்தாக இருந்தாலும் மாற்றவேண்டும் என்று அதில் இருந்தது. கனடிய போக்குவரத்து அமைச்சின் ஆலோசனையும் அதுதான்: விபத்துப்பட்ட காருக்குள் இருந்த சீற்றை, பிள்ளை அதில் இருக்காவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்குள்ள வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் சிறு விபத்து என்றால் மாற்றத் தேவையில்லை என்கிறது. ஆனால் சிறு விபத்து என்று சொல்ல ஐந்து நிபந்தனைகளும் ஒன்றாகப் பொருந்தவேண்டும்:

1. விபத்து நடந்த இடத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போகக்கூடியதாக இருக்கவேண்டும்.
2. சீற்றுக்குக் கிட்டவுள்ள கதவு சேதப்பட்டிருக்கக்கூடாது.
3. காருக்குள் இருந்த ஒருவருக்கும் காயம் ஏற்பட்டிருக்கக்கூடாது.
4. காற்றுப்பை வெடித்து விரிந்திருக்கக்கூடாது.
5. சீற்றில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இருக்கக்கூடாது.

ஒன்று தவறினாலும் மாற்றவேண்டும். ஐந்தும் பொருந்தினாலும், சீற் செய்த கொம்பனியின் கையேடு மாற்று என்றால் மாற்றத்தான் வேண்டும்.

280 டொலரை மிச்சம்பிடிக்க வழி தேடுகிறவன் அல்லவா, நான் அந்த ஐந்தையும் விரலில் எண்ணினேன். கார் ஓடியது, சரி. கதவு சரி. காயம் இல்லை. காற்றுப்பை விரியவில்லை. சீற்றில் கீறல் இல்லை. "பாத்தியே, ஐஞ்சும் சரி" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பேசாமல் நின்றாள். பிறகுதான், "எனக்கு இரவு தொடக்கம் கழுத்துத் திருப்பேலாமல் கிடக்கு" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் வேலையை விட்டிட்டு டொக்டரிட்டை அலையவேணும் எண்டுதான்."

என் எண்ணிக்கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பெரிய மனுசியின் கழுத்தைப் பிடிக்க வைத்த அடி, பிள்ளையின் சீற்றுக்கும் போய்த்தான் இருக்கும். அவன் சிரித்ததற்குக் காரணம் அந்தச் சீற் தன் வேலையைச் செய்ததுதான். வேலை முடிந்தது, இனி அதற்கு ஓய்வு.

இனிப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு முக்கியமான பகுதி. ஒன்ராறியோவில் விபத்தை ஏழு நாளுக்குள் உங்கள் இன்சூரன்ஸுக்கு அறிவிக்கவேண்டும். பிழை உங்களில் இல்லையென்றால், உங்கள் காருக்கும் அதற்குள் இருந்த பொருட்களுக்கும் ஏற்பட்ட சேதத்தை, நேரடி இழப்பீடு என்ற பகுதியின் கீழ் உங்கள் இன்சூரன்ஸே பார்க்கும். அந்தப் பகுதியை வேண்டாம் என்று விட, 2024 தொடக்கம் அனுமதி இருக்கிறது. ஆகவே உங்கள் பத்திரத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள், நீங்கள் கையிலிருந்து போடவேண்டிய பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். காயத்துக்கான வைத்தியச் செலவுக்கு, பிழை யாரில் என்றாலும் விண்ணப்பிக்கலாம். மனைவியின் கழுத்துக்கு அப்படித்தான் சிகிச்சை எடுத்தோம்.

கார் சீற்றைப் பற்றி அவர்கள் தாங்களாகக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். பற்றுச்சீட்டும் படமும் அனுப்பச் சொன்னார்கள். பற்றுச்சீட்டை மனைவி பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருந்தபடியால் தப்பினோம். காசு வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் வந்திராது. ஆங்கிலம் தடக்குகிறது என்று வாய்மூடி இருக்காதீர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தடக்கித் தடக்கித்தான் கேட்டேன்.

பழைய சீற் வாசலில் கிடந்தது. எங்கள் மாடிக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு மூத்த பிள்ளையும் இருக்கிறது, "அண்ணை, எறியப்போறியளெண்டால் எங்களுக்குத் தாங்கோவன்" என்றார். இங்கேதான் எனக்கு வெட்கமாகிப் போனது. 2015 இல் மகள் பிறந்தபோது நாங்களும் ஒருவர் தந்த பாவித்த சீற்றைத்தான் வாங்கினோம். விபத்துப்பட்டதா, எப்போது காலாவதி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தந்தவர் அன்பாகத்தான் தந்தார். கேட்கத் தெரியாமல் இருந்தது நாங்கள்.

அவருக்கு முன்னாலேயே கத்தியெடுத்துப் பட்டிகளை வெட்டினேன். ஓட்டில் மார்க்கரால் "விபத்துப்பட்டது, பாவிக்கவேண்டாம்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் குப்பையில் போட்டேன். அவர் முகம் வாடியது. காரணத்தைச் சொன்னேன். அடுத்த கிழமை பக்டரியில் ஐந்து பேர் சேர்ந்து காசு போட்டு, மூத்த பிள்ளைக்கு மலிவான புதுச் சீற் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மலிவு என்று யோசிக்கவேண்டாம். மேப்பிள் இலை போட்ட தேசியப் பாதுகாப்பு முத்திரை இருந்தால், விலை கூடியதும் குறைந்ததும் ஒரே பாதுகாப்பு விதிக்கு உட்பட்டவைதான். அமெரிக்காவில் வாங்கி வருவதில் அந்த முத்திரை இராது, இங்கே பாவிப்பது சட்டப்படி பிழை.

சட்டத்தையும் குறித்து வையுங்கள். ஒன்ராறியோவில் 9 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை பின்பக்கம் பார்த்த சீற்றில் இருக்கவேண்டும். 9 தொடக்கம் 18 கிலோ வரை முன்பக்கம் பார்த்த சீற். அதற்குமேல் 36 கிலோ ஆகும்வரை, அல்லது உயரம் 145 சென்ரிமீற்றர் ஆகும்வரை, அல்லது 8 வயது ஆகும்வரை பூஸ்ரர்.

பாவித்த சீற் யாராவது தந்தால் கேட்கவேண்டியது மூன்று: விபத்துப்பட்டதா? காலாவதித் திகதி என்ன? கையேடு இருக்கிறதா? தருபவர் கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். நீங்கள் கொடுக்கிறபோதும் அவர் கேட்கமுன் சொல்லிவிடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வீதியில் பனிச்சேறு, மெதுவாகப் போங்கள்.