தூத்துக்குடி பார்க்கப் புறப்படுவோருக்கு

பழைய துறைமுகப் பட்டினங்களைச் சுற்றிப் பார்ப்பது இன்று பலருக்கும் பழக்கமாகிவிட்டது. நல்லதே! தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் பனிமய மாதா பேராலயத்தைக் காண்கிறார்கள். 1750-ல் டச்சுக்காரர் எழுப்பிய தேவாலயத்தைக் காண்கிறார்கள். போர்த்துகீசியர் ஆண்டனர், 1658-ல் டச்சுக்காரர் பிடித்தனர், 1825-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது என்ற வரலாற்றைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மக்ரூன் பொட்டலத்தோடு ஊர் திரும்புகிறார்கள்.

நாம் கேட்பது ஒன்றே. இத்தனை பேர் கடல் கடந்து இங்கு வந்தது எதற்கு? காற்று வாங்கவா? சரக்கு ஏற்ற! அந்தச் சரக்கு யார் தோளில் ஏறி வந்தது?

முத்துக்காக மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவர்கள் ஒருபுறம். மறுபுறம், பலரும் அறியாதது, நமது போடிநாயக்கனூர் மலைச்சரிவு! மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் என்னும் முகட்டுக்கு வரும். 1908 முதல் அதற்கென்றே சிறு ரயில் ஓடிற்று. அங்கிருந்து பெட்டிகள் கம்பி வடத்திலே தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்தில் இறங்கும். பிறகு மாட்டுவண்டி, போடி, அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், தூத்துக்குடி, கப்பல், சீமை! 1924-ம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. 1928-ல் போடிக்கே ரயில் வந்து சேர்ந்தது.

தேயிலைப் பெட்டிக்குக் கம்பி வடம். காட்டை வெட்டித் தேயிலை நட்ட தமிழனுக்கோ கால்நடை! கங்காணி முன்னே செல்ல, குழந்தையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். வேறு பலர் அதே தூத்துக்குடித் துறையில் கப்பலேறிக் கொழும்பு சென்று, இலங்கை மலைகளிலே கூலிகளானார்கள். சீமைக்குப் போன பெட்டியும் இலங்கைக்குப் போன ஆளும் ஒரே துறையில் ஏறினார்கள். பெட்டிக்கு விலை இருந்தது!

1956-ல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. உழைப்பின் வழி மாறிற்றா? இன்றும் விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்பும் தாய்மாரை போடிக் கடைவீதி அறியும்.

இங்கே ஒரு வேடிக்கை. டச்சுக் கும்பினியின் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. நம் சிதம்பரனாரின் பெயரையும் ஆங்கிலத்தில் அவ்வாறே சுருக்குகிறார்கள்! முன்னது கொள்ளைக்குக் கப்பல் விட்ட வி.ஓ.சி. பின்னவரோ 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908-ல் கோரல் மில் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் நிறுத்தி வெற்றி கண்டவர். அதே ஆண்டில் அவருக்கு வெள்ளையன் அளித்தது ஆயுள் தண்டனை. மேல் முறையீட்டில் குறைந்தது உண்மை. எனினும் செக்கிழுத்தார் அன்றோ! கப்பல் விட்டதைப் பொறுத்தாலும் பொறுப்பான் வெள்ளையன். கூலிக்காரன் நிமிர்ந்து நிற்பதைப் பொறுக்கமாட்டான் என்பது நம் துணிபு.

தேவாலயங்களைப் பார்க்காதீர் என்று நாம் சொல்லவில்லை. அவற்றைக் கட்டிய கொத்தனும் கல் சுமந்தவனும் நம்மவர்களே. பார்க்க வேண்டியது அதோடு முடிந்துவிடவில்லை என்றுதான் சொல்கிறோம். தமிழக அரசின் சுற்றுலாத் துறை, கம்பி வடம் வந்திறங்கிய கொட்டகுடியில் ஒரு கல் நடட்டும். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒன்று நடட்டும். இரண்டிலும் தமிழில், பெரிய எழுத்தில், இந்தச் சரக்கின் கதையும் சுமந்தவர் கதையும் இருக்கட்டும். கோடிக்கணக்கில் செலவாகும் காரியமல்ல இது.

போடிப் பள்ளி ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நின்ற ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பிவிட்டது. முதல் நாள் பிள்ளைகளைக் கொட்டகுடிக்கு நடத்திச் செல்லுங்கள். மறுநாள் மதுரையில் வண்டி மாறினால் தூத்துக்குடி.